காலமானவர் சம்மதிக்கத் தேவையில்லை

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார் பேராசிரியர்.

வாயோரம் நுரை. கையருகே பாதி குடித்த காபி.

காபி கொண்டுவந்த ஆராய்ச்சி மாணவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பதினோரு மணிக்கு நீ காபி கொடுத்த. பதினொண்ணு அஞ்சுக்கு ஆள் காலி," என்றார் இன்ஸ்பெக்டர். "வேற யாரைம்மா நான் பிடிக்கிறது?"

"மெஷின்ல பிடிச்சு எடுத்துட்டு வந்தேன் சார்... அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமா அவ பட்டத்தை இழுத்தடிச்சார். கோபம் இருக்காதா?" எடுத்துக் கொடுத்தார் ஆராய்ச்சி நிலையத்தின் துணை இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

வாசலில் நூலகர். கையில் ஒரு காகிதம்.

"அக்கா..." மாணவியின் குரல் உடைந்தது.

"இரும்மா. சார், இங்க யார் எத்தனை கட்டுரை எழுதினாங்க, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு எண்றது என் வேலை. நாற்பது கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது நாற்பது மேற்கோள் இருந்தா, அந்த விஞ்ஞானியோட குறியெண் நாற்பது. இயக்குநர் பதவிக்கு அது வேணும். இன்னைக்குப் பன்னிரண்டு மணிதான் கெடு."

"அதுக்கும் இந்தப் பிணத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"துணை இயக்குநர் சாரோட குறியெண் முப்பத்தொன்பது. நாற்பதாவது கட்டுரைக்கு ஒரே ஒரு மேற்கோள் குறையுது. தன்னையே மேற்கோள் காட்டி அவசரமா புதுசா ஒண்ணு எழுதினார்."

"தன் முதுகைத் தானே தட்டிக்கிறதா?"

"இங்க எல்லாருக்கும் கை அந்த அளவுக்கு வளையும் சார். ஆனா கட்டுரையில பேர் இருக்குற எட்டுப் பேரும் ஆய்விதழுக்குச் சம்மதம் சொல்லணும். பேராசிரியர் மாட்டேன்னுட்டார். அளவீடெல்லாம் கற்பனைன்னார்."

"அவர் பேரை எடுத்துடலாமே?"

"அளவெடுத்த கருவி அவரோடது. அவர் பேர் இல்லாம இதழ் தொடாது. ஆனா ஒரு வழி இருக்கு. செத்தவங்க சம்மதம் தேவையில்ல. படிவத்துல 'காலமானார்'னு ஒரு கட்டம். டிக் போட்டா போதும். துணை இயக்குநர் சார் போட்டிருக்கார்."

"செத்தவருக்குத்தானே போட்டார்?"

"இதோ, அந்தப் படிவத்தோட நகல். போட்ட நேரத்தைப் பாருங்க."

காலை 9.10.

பத்தரைக்குப் பேராசிரியர் வகுப்பெடுத்ததை முப்பது பேர் பார்த்திருந்தார்கள்.

துணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உயிரோட இருந்தா புகார் கொடுத்திருப்பான்... அவனோட கப் மெஷின் பக்கத்துலதான் இருக்கும்... அதுல விஷத்தைத் தடவினேன்..." சட்டென்று நூலகர் பக்கம் திரும்பினார். "நாற்பது ஆயிடுச்சா?"

விலங்கு கை மாறியது.

அப்போதுதான் மாணவிக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா... கட்டுரையில பேர் இருக்குற மத்த ஆறு பேருக்கும் இதழ்லேருந்து தகவல் போயிருக்குமே?"

"போச்சு. 9.15க்கு. 'உங்கள் சக ஆசிரியர் காலமானதை உறுதி செய்யவும்'னு. பத்தே நிமிஷத்துல ஆறு பேரும் உறுதி செஞ்சுட்டாங்க."

"ஒருத்தனுக்குக்கூட எட்டிப் பாக்கத் தோணலையா?" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"ரெண்டு பேர் பக்கத்து ரூம். ஒருத்தர் செத்தவரோட கூடப்பொறந்த தம்பி."

"மெயிலைப் படிக்கவே இல்லையா?"

"கட்டுரையையே படிக்காதவங்க சார்."

"ஆறு பேரையும் விசாரணைக்கு வண்டியில ஏத்துய்யா!"

கீழே வண்டியருகே சலசலப்பு. கான்ஸ்டபிள் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"யார் முதல்ல ஏறுறதுன்னு சண்டை போடுறாங்க சார்."

நூலகர் காகிதத்தை நீட்டினார்.

"கட்டுரையில பேர் போட்ட வரிசையிலேயே ஏத்துங்க. இல்லேன்னா அதுக்கும் ஒரு கமிட்டி கேப்பாங்க."