சாயங்கால ஷிப்ட்

அழுத்திய ஸ்பேஸ் பார் மேலே எழும்பவில்லை. சுஜிதா குனிந்து பார்த்தாள். பலாப்பழம் அரிந்த கையோடு யாரோ தட்டியதுபோல் பொத்தான்களுக்கு இடையே மஞ்சளாக ஒரு பிசுக்கு. விரலை எடுத்தால் அதுவும் நூலாகக் கூடவே வந்தது. துப்பட்டா நுனியில் துடைத்தாள், துடைத்த இடத்தை முகர்ந்தும் தொலைத்தாள். ஊறவைத்து மறந்துபோன மரவள்ளித் தோலின் வாடை.

வாசலூர்பட்டிக் கிழங்குக் கொள்முதல் ஆபீசில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் அவள், சாயங்காலம் செல்லமுத்து. அவள் கடைசி பஸ் பிடித்து மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கிய பிறகுதான் அவன் வருவான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்தும் இருவரும் முகம் பார்த்ததில்லை.

மூட்டை எடையில் மண்ணையும் சாக்கையும் கழித்துக் கிழங்கின் எடையைச் சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அதன் லட்சணம், சின்ன மூட்டை வந்தால் கிழங்கு மைனஸில் போனது. வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் அது ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். இன்னொரு வேலைக்கு அப்பா விடமாட்டார். அதனால்தான் முந்தின நாள் வெட்கத்தை விட்டு, புரோகிராமின் தலைப்பில் ஒரு வரி தட்டிவிட்டுப் போயிருந்தாள்: "எங்க தப்புன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

பதில் அதற்குக் கீழேயே இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான்.

"பாத்தேனுங்க அம்மிணி. சாக்கோட எடையை ரெண்டு தடவை கழிக்கறீங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க. இன்னும் எதுனாலும் வெச்சுட்டுப் போங்க, பாத்துத் தாரேன்."

திருத்தினாள். ஓடியது. சந்தோஷம் ஒரு பக்கம், குமட்டல் ஒரு பக்கம். இவ்வளவு நல்ல மூளைக்கு இப்படியா ஒரு கை என்று சலித்துக்கொண்டே, கையிலிருந்த மருதாணி பாதி அழியும்வரை பொத்தான்களை டெட்டால் போட்டுத் துடைத்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் மிச்சப் பகுதிகளையும் வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றும் பொறுமையாகப் பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. கூடவே அசிங்கமும் வளர்ந்தது. மவுசுக்கு அடியில் நீரில் ஊறிய தோல்போல் வெள்ளைச் செதில்கள். நாற்காலிப் பஞ்சு சொதசொதவென்று ஊறி, எழுந்தால் சுடிதாரைப் பிடித்து இழுத்தது. புதன்கிழமை பொத்தான்களின் சந்தில் ஒரு நகம் நின்றுகொண்டிருந்தது. வெட்டிய நகமில்லை, முழு நகம், அடியில் சதையோடு. காகிதத்தால் பிடித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். அன்று சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆபீஸ் கூட்டும் பெருமாயி இதே மலையில் திண்ணனூர் நாட்டுக்காரி. செல்லமுத்து எப்படிப்பட்ட ஆள் என்று அவளிடம் கேட்டாள்.

"அந்த ஆளு தண்ணி வாத்துக்கறதே இல்லையாட்ட இருக்குதுங்க. வந்தாப் போதும், நான் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய போயிருவேன். மூஞ்சிய எங்க பாத்தேன்?"

"எனக்கு நெறைய வேலை செஞ்சு குடுத்திருக்காருங்க."

பெருமாயியின் விளக்குமாறு நின்றது. "அப்ப அவன் வேலைக்கு நீயும் போவோணுமே கண்ணு. எங்க காட்டுல ஒருத்தன் களை வெட்டிக் குடுத்தா, அவன் காட்டுல நாங்க வெட்டிக் குடுப்போம். காசு குடுத்துத் தீத்துக்க முடியாது."

வியாழக்கிழமை திரையில் புதிய வரி இருந்தது. "உங்களுது முடிஞ்சுதுங்க. இனி என்னோடத நீங்க பாக்கோணும். எங்க தப்புன்னே தெரியல. பாக்காமப் போனா, செஞ்சு குடுத்ததத் திருப்பி எடுத்துக்குவேனுங்க."

விடிந்தால் மேனேஜர். புரோகிராமை பிளாப்பியில் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. பிளாப்பி நுழையும் வாயில் மஞ்சள் பிசுக்கு கெட்டியாக அடைத்திருந்தது. மழையில் மலை ரோட்டில் மண் சரிந்து பஸ்சும் வரவில்லை. பெருமாயி பொழுதோடு போய்விட்டாள். சரி, என்ன எழுதியிருக்கிறானோ, பார்த்துச் சொல்லிவிட்டுத் தொலைப்போம் என்று அவள் உட்கார்ந்தாள். ஜன்னலில் பனிமூட்டம் ஏறி மலையை மறைத்தது. ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நடுவே, தாழ்வாரத்தில் வேறொரு சொட்டல் கேட்டது, கனமாக, நின்று நின்று நெருங்கி, கூடவே தரையில் சாக்கு இழுபடும் சத்தத்தோடு.

கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு சாக்கு உள்ளே தள்ளப்பட்டது.

"பாத்துச் சொல்லுங்க அம்மிணி." கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். மரியாதையான குரல்.

அந்த வாடை. வாயைப் பொத்திக்கொண்டு, ஸ்கேலின் நுனியால் சாக்கின் வாயை விலக்கினாள்.

ஒரு கை.

பெண் கை. இன்னும் காயாத தோல். பிசுபிசுப்பு. மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு. ஸ்கேலைப் பிடித்த சுஜிதாவின் கையிலும் அதே தழும்பு. பாதி அழிந்த மருதாணி. அவள் மருதாணி.

விரல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கட்டைவிரல் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முளைத்திருந்தது.

தப்பு உடனே தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். இது முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கட்டைவிரலு... அந்தப் பக்கம் வரோணுங்க."

"அதானுங்களா," என்றது குரல், நிம்மதியாக.

ஈரத்தில் ஏதோ கிழிந்தது. புறங்கைத் தோலுக்கு அடியில் கட்டைவிரல் புடைத்துக்கொண்டு நகர்ந்தது. மெல்ல. முட்டி முட்டியாகத் தாண்டி. அந்தப் பக்கம் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. மடங்கிப் பார்த்தது. நிமிர்ந்து பார்த்தது.

சுஜிதா வாந்தி எடுத்தாள்.

"ரொம்ப நல்லதுங்க. இன்னொன்னும் இருக்குதுங்க அம்மிணி."

பெரிய சாக்கு ஒன்று நிலைப்படியில் வந்து விழுந்தது. கை தரையில் இறங்கியது. விரல்களால் ஊர்ந்து போய், சாக்கின் முடிச்சைத் தடவிக் கண்டுபிடித்து, அவிழ்க்கத் தொடங்கியது. உள்ளே உருண்டையான ஏதோ சாக்கை முட்டிக்கொண்டு நிமிர்ந்து, அவள் குரலில் தொண்டையைச் செருமியது.