மூன்று கூடை ஐஸ்

தூத்துக்குடியில் ரோட்டில் ஐஸ் கிடக்கும், அதில் சைக்கிள் சறுக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும். மார்கழி விடியலில், வாடைக்காற்று அடிக்கிற நேரம் பார்த்து, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ஐஸ் கம்பெனி ரோட்டுக்கு அவனைக் கூட்டிவந்து நாலு மிதி மிதிக்கச் சொல்ல வேண்டும். சிரித்த பல் எங்கே கிடக்கிறது என்று அப்புறம் நாம்தான் தேட வேண்டியிருக்கும்.

விசைப்படகுகளுக்கு நொறுக்கிய ஐஸ் ஏற்றிப்போகும் லாரிகள், பின்கதவு இடுக்கு வழியே கொட்டிக்கொண்டேதான் போகும். கொட்டியது உருகுவதற்குள் அடுத்த லாரி வந்து அதன் மேல் கொட்டிவிட்டுப் போகும். அந்த ரோட்டில் பதினாறு வருஷம் சைக்கிள் ஓட்டி ஒருமுறைகூட விழாத ஆள் ஜாய்சன் ஒருவன்தான். ஐஸ் கட்டி நொறுக்கும் மிஷினில் அவனுக்கு வேலை. கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் பாடம் நடத்துவான்.

"டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்கிக்கோல. முன் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துரு. வளைவுல சாயாத. பயந்துபோயி வேகமா மிதிக்காத, மிதிக்கதை நிறுத்தவும் செய்யாத. சறுக்குச்சுன்னா ஹேண்டிலோட மல்லுக்கட்டாத, அது போக்குல விடு."

இவ்வளவு பேசுகிற ஜாய்சன் பதினோரு மாதமாக அந்த ரோட்டில் சைக்கிளை விடவே இல்லை. பீச் ரோடு வழியாகச் சுற்றி, கம்பெனியின் பின் கேட்டில் நுழைவான். கேட்டால் முட்டி வலி என்பான். முட்டி வலிக்காரன் எதற்கு மூன்று கிலோமீட்டர் சுற்றி மிதிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. பீச் ரோட்டை மறித்துக் கண்டெய்னர் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஆறு மணிக்கு மகள் டயானாவுக்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. மனைவி பிலோமி இறால் உரிக்கும் வேலைக்கு நாலு மணிக்கே போய்விட்டாள். கேரியரில் உட்கார்ந்திருந்த எட்டு வயசுப் பிள்ளை, "லேட்டாப் போனா சிஸ்டர் ஏசுவாவ ப்பா" என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு சைக்கிள் ஐஸ் கம்பெனி ரோட்டில் திரும்பியது.

"ஏளா, அப்பா இடுப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. ஆடப்பிடாது. என்ன நடந்தாலும் குதிக்கப்பிடாது, கேட்டியா?"

"சரிப்பா."

மொத்தம் ஒரு முந்நூறு மீட்டர் இருக்கும். நடுவில் ஒரே ஒரு வளைவு. அதைத் தாண்டிவிட்டால் கோவில் விளக்கு தெரிந்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டும் போகலாம்தான். ஆனால் அந்த வளைவில் காலை ஊன்றுவதற்கு ஜாய்சனுக்குத் தைரியம் இல்லை.

லைட்டுக் கம்பத்து வெளிச்சத்தில் ரோடு வெள்ளையாகக் கிடந்தது. டயருக்கு அடியில் ஐஸ் நறநறவென்று நொறுங்கியது. கம்பெனியிலிருந்து அமோனியா நெடி வந்தது. துறைமுகத்திலிருந்து மீன் வாடை வந்தது.

அப்புறம் சுக்குக் காப்பி வாசம் வந்தது.

அந்த ரோட்டில் இப்போது சுக்குக் காப்பி விற்கிற ஆளே கிடையாது. விற்றுக்கொண்டிருந்தவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. போன ஜனவரியில் ஒரு விடியலில், காப்பி கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தவர், இதே வளைவில் லாரியைப் பார்த்துப் பதறி முன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். ஆளைத் தூக்கி அடித்தது. மண்டை ஓரக்கல்லில் மோதியது.

புரட்டிப் போட்டுப் பார்த்தார்கள். அசைவில்லை. நாடி இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பைபாஸில் மாட்டிக்கொண்டது. போலீஸ் வரும்வரை உடம்பைத் தொடக்கூடாது என்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஐஸ் கம்பெனி ஆட்கள். கெட்டுப்போகிற எதைப் பார்த்தாலும் ஐஸ் போட்டே பழகிய கைகள்.

"பாவம்ல மனுசன். நாற விடப்பிடாது. ஐஸைக் கொண்டாந்து போடுங்க" என்றார் மேஸ்திரி வில்பிரட். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கொண்டுவந்து போட்டவன் ஜாய்சன். மூன்று கூடை. கால், நெஞ்சு, கடைசியாக முகம்.

முகத்தில் போட்ட ஐஸ், மூக்குக்கு நேராக மட்டும், சோடா மூடி அகலத்துக்கு உருகிக் குழிந்தது.

செத்தவன் முகத்தில் ஐஸ் அப்படி உருகாது.

அதைப் பார்த்தது ஜாய்சன் மட்டும்தான். இருபது பேர் சேர்ந்து செத்துவிட்டார் என்று சொல்லியாயிற்று, காலிலும் நெஞ்சிலும் இரண்டு கூடை ஐஸைக் கொட்டியாயிற்று, இப்போது போய் உயிர் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இன்னொரு கை ஐஸை அள்ளி அந்தக் குழியை மூடினான்.

இரண்டாம் முறை அது உருகவில்லை.

இதை அவன் பிலோமியிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை.

சைக்கிள் திடீரென்று கனத்தது.

"அப்பா" என்றாள் டயானா, ரகசியம்போல. "எனக்குப் பின்னால யாரோ ஏறியிருக்காவ."

"திரும்பாத." அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"குளுருது, குளுருதுங்காவ ப்பா."

உடம்பிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலும் ஓடு ஓடு என்றது. ஆனால் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். பிரேக்கைத் தொட்டால் பிள்ளை போய்க் கல்லில் விழும். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் இன்றைக்கு அவன் கழுத்தையே பிடித்தது. பெற்ற பிள்ளைக்குப் பின்னால் பேய் உட்கார்ந்திருக்க, அவன் நிதானமாக மிதித்தாக வேண்டும்.

ஒரு மிதி.

இன்னொரு மிதி.

அவன் இடுப்பைக் கட்டியிருந்த சின்னக் கைகளுக்கு மேல் இன்னொரு ஜோடிக் கை வந்து கோத்துக்கொண்டது. சட்டை நனைந்தது. அந்தக் குளிர் தோலோடு நிற்கவில்லை, எலும்புக்குள் இறங்கியது.

"என் முதுகு சூடா இருக்காம் ப்பா." டயானாவுக்குப் பல் தந்தியடித்தது. "கொஞ்ச நேரம் ஒட்டிக்கிடுதேங்காவ."

"யேசுவே! மாதாவே! எம் பிள்ளை!"

வளைவு வந்துவிட்டது. மற்ற இடத்தில் சிதறிக் கிடந்த ஐஸ் அங்கே மட்டும் குவிந்து கிடந்தது. ஒரு ஆள் படுத்துக் கிடக்கிற நீளத்துக்கு.

ஹேண்டில் தானாக அந்தப் பக்கம் இழுத்தது.

ஜாய்சனுக்கு அழுகையும் கத்தலும் சேர்ந்தே வந்தன. "அண்ணாச்சி! பிள்ளைய விட்ருங்க அண்ணாச்சி! உங்களுக்கு உசிரு இருந்துது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடுனேன். அந்தப் பாவம் என்னோடது, எம் பிள்ளை மேல வைக்காதீங்க!"

முன் சக்கரம் வழுக்கியது. அவன் மல்லுக்கட்டவில்லை, சாயவில்லை, பிரேக்கைத் தொடவும் இல்லை. சைக்கிள் தன் போக்கில் ஒரு முழம் சறுக்கி, அந்தக் குவியலை உரசிக்கொண்டு நிமிர்ந்தது.

கனம் இறங்கிவிட்டது. இடுப்பில் இப்போது இரண்டு சின்னக் கைகள் மட்டுமே இருந்தன.

கோவில் வாசலில் சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது. தேம்பித் தேம்பி அழுதான், போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. இன்றைக்கே செந்தூர்பாண்டி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெண்டாட்டி செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நான் சொன்னது கேட்டுச்சாம்மா அவியளுக்கு?" என்றான்.

டயானா தலையாட்டினாள். "நீங்க பாத்தது அவியளுக்கு அப்பவே தெரியுமாம். ஐஸுக்குள்ள இருந்து அவியளும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாவளாம்."

உள்ளே பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். ஜாய்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படி ஏறினான். உள்ளே போய்விட்டால் போதும்.

மூன்றாவது படியில் டயானா அவன் கையைப் பின்னால் இழுத்தாள்.

"மெதுவாப் போங்க ப்பா. மாமாவால ஏற முடியல."

அவளுடைய இடது கை பின்பக்கமாக நீண்டிருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. நகங்கள் ஐந்தும் நீலம் பாரித்துப் போயிருந்தன.