பதினேழாம் அறையில் நாலு பேர்

படத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் ஐந்து நிழல்கள் விழுந்திருந்தன.

வெள்ளைத்துரை மறுபடியும் எண்ணினான். காதுகுத்து ஆல்பத்தில் தாய்மாமனையே விட்டுவிட்டு அடி வாங்கியவன் என்பதால் தன் எண்ணிக்கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பேர்தான் வெள்ளைத்துரை, ஆள் அடுப்புக்கரி. சிவகாசிச் சனத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். மூன்றாம் தடவையும் நிழல் ஐந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்டுடியோவுக்கு ஜன்னல் இல்லை. பழைய ஏசி மூச்சிரைக்க, மேலே வீட்டில் மகள் ஓவியா கயிறு தாண்டிக்கொண்டிருந்த சத்தம் கூரை வழியாக இறங்கியது. தட். தட். தட்.

போன மாதம்தான் அந்தப் படங்களை எடுத்தான். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. லைசென்ஸ் புதுப்பிக்க அறை அறையாகப் போட்டோ வேண்டுமாம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். சீசனில் ஒன்பது பேர் உட்காருவது வழக்கம்.

“நாலு பேரு போதும்லே. மிச்சத்த எடுத்துரு” என்றார் மேனேஜர் ஹரிபிரசாத், இலையில் கறிவேப்பிலையை ஒதுக்கச் சொல்வது போல.

முப்பத்தாறு அறை. ஒவ்வொன்றாக அழிக்க வெள்ளைத்துரைக்குச் சோம்பல். ஆகவே போட்டோஷாப்பில் ஒரு ஆக்‌ஷன் பதிந்துவைத்தான். எஃப் நாலை அழுத்தினால் போதும். நாலு பேரை விட்டுவிட்டு மற்றவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடும், ஆள் மறையும், அந்த இடத்தில் சுவர் நிரம்பும், பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிவாகும். டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரிஜினலை வைத்துக்கொள்ளவில்லை. அழுத்திவிட்டுப் புரோட்டா தின்னப் போனான். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. தன் மூளையை நினைத்துத் தானே முதுகைத் தட்டிக்கொள்ளப் பார்த்தான். கை எட்டவில்லை, அவ்வளவு தொப்பை.

நாலு நாளைக்கு முன் பதினேழாம் அறை வெடித்தது. உள்ளே இருந்தது ஐந்து பேர். கம்பெனி சொன்னது நாலு. மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

இன்று காலையில் கருப்பம்மாள் வந்தாள். செத்துப்போன முத்துமாரியின் ஆத்தா.

“தம்பி, நீங்கதான படம் புடிச்சீக? எம்மக மூணாவதா இருந்தா, செவப்புச் சேல. அப்பிடி ஒருத்தி அங்கன வேலையே பாக்கலங்காக. பொறுக்கிக் குடுக்க ஒரு எலும்பு இல்லங்காக. அந்தப் படத்த மட்டும் குடுங்கய்யா, நான் காட்டிக்கிடுதேன்.”

“தேடிப் பாக்கேன் ஆத்தா.”

அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஹரிபிரசாத்மேல் பாதி. எஃப் நாலை அழுத்திய விரல்மேல் மீதி.

இப்போது திரையில் அந்த ஐந்தாவது நிழலின், சற்றுமுன் மடியில் இருந்த கை மேலே ஏறியிருந்தது. பின்னுகிற கை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டான். பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. ஏசிக் காற்றில் வெடிமருந்து வாடை வந்தது. கந்தகமும் ஈரச் சாக்கும் கலந்த, நாக்கில் உலோகமாக ஒட்டுகிற வாடை. மீண்டது ஒரே படம். பதினேழு.

ஒன்பது பேர். மூன்றாவதாகச் சிவப்புச் சேலை. விரலெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்ன, சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் சொன்ன ஏதோ அசட்டு ஜோக்குக்கு அவள் ஒருத்திதான் சிரித்தாள். “அழகாப் புடிங்கண்ணே, எங்காத்தாட்டக் காட்டணும்” என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கியது. ‘குடுத்துர வேண்டியதுதான். என்ன ஆனாலும் சரி.’ பிரிண்டரை ஆன் செய்தான்.

போன் அடித்தது. ஹரிபிரசாத்.

“ஏலே துரை, அந்தக் கெழவி வந்தாளாமே. பழைய படம் எதுவும் வச்சிருக்கியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“நல்ல புள்ள. தீபாவளிக் கேட்லாக் இந்த வருசமும் ஒனக்குத்தான்.”

“சரிங்க அண்ணாச்சி” என்றது வாய். வீரனின் முதுகெலும்பு அந்த இரண்டு சொல்லில் கரைந்தது. தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டிக்கொண்டே படத்தை அழித்தான். நிரந்தரமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றான்.

எஃப் நாலு தானாகக் கீழே இறங்கியது.

அவன் விரல் அதன்மேல் இல்லை. விசை அமுங்கியது, எழுந்தது. அதன்மேல் வெள்ளிப்பொடியில் ஒரு விரல்ரேகை.

திரையில் வேறு படம் திறந்தது. ‘எங்க வீடு’ ஃபோல்டர். போன பொங்கலுக்கு எடுத்தது. அவன், மனைவி, மாமியார், மகன் தருண்குமார், ஓவியா.

ஐந்து பேர்.

புள்ளிக்கோடு எறும்பு வரிசையாகக் கிளம்பியது. மாமியாரைச் சுற்றியது. அந்த ஒரு நொடி அவன் மனம் ‘சரி’ என்றது. கோடு நின்றது. அதைக் கேட்டது போல. விலகியது. ஊர்ந்தது.

ஓவியாவின் ரிப்பனைத் தொட்டது. காது. தோள். பாவாடை.

“வேணாம்த்தா... முத்துமாரி, வேணாம்... குடுத்துருதேன், இப்பவே...”

கொடுக்கப் படம் இல்லை.

மெயின் ஒயரைப் பிடுங்கினான். ஏசி நின்றது. விளக்கு நின்றது. திரை நிற்கவில்லை. ஓவியா இருந்த இடத்தில் சுவர் நிரம்பியது. மடிப்பில்லாமல். சுத்தமாக. அவன் பதிந்துவைத்த வேலை.

மேலே சத்தம் இல்லை.

மாடிப்படியை நாலு நாலாகத் தாண்டினான். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓவியா எங்க?”

“யாரு?” என்றாள் அவள், நிமிராமல். “அப்பிடி ஒருத்தி இங்கன இல்லயே.”

அவளுக்குப் பின்னால், வெயில் விழுந்த கூடத்துச் சுவரில், ஒரு சின்ன நிழல் கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. ரிப்பன் ஆடியது. கயிறு சுழன்றது. தரையில் யாரும் இல்லை. சத்தமும் இல்லை.