நெஞ்சைக் கிழித்தவள்

"என் மகன் நெஞ்சைக் கிழிச்ச கையால எனக்குக் கோப்பி ஊத்துறியாடி!"

மாமியார் முனியம்மா வீசிய குவளை பவானேஸ்வரியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. சூடான கோப்பி கழுத்து வழியே இறங்கியது. பாவி மகள், முந்தானையால் துடைத்துக்கொண்டு குனிந்து குவளையைப் பொறுக்கினாள். புக்கிட் காத்தில் என்ற ஊரில் அந்த வீட்டில் ஆறு மாதமாகப் பொழுது விடிகிற லட்சணம் இதுதான்!

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. ஆறு மாதம் முன்பு ஒரு ராத்திரி, குடித்துவிட்டு வந்த மூத்த மகன் வீரமுத்து பெண்டாட்டி பவானியை அடிக்கக் கை ஓங்கினான். தடுக்க வந்த தம்பி தேவன் தள்ளிய தள்ளில் வீரமுத்து சுவரில் மோதி விழுந்தான். மறுவாரம் முதுகு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனவனைச் சோதித்த மலாய் டாக்டர், நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் 'கோயாக்' என்றார். கோயாக் என்றால் கிழிசல். கிழிந்திருந்தால் யாரோ கிழித்திருக்க வேண்டுமே!

"எவன்டா கிழிச்சது?" என்று முனியம்மா கத்தியபோது, "நான்தான் அத்தை தள்ளிட்டேன்..." என்று பவானி முந்திக்கொண்டாள். ஏழு வயதிலிருந்து அவள் சோறு ஊட்டி வளர்த்த கொழுந்தன் தேவன். அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டு சாகக் கூடாதே! வீரமுத்துவுக்குப் போதையில் எதுவும் நினைவில்லை. தேவன் வாயை மூடிக்கொண்டான்.

கோப்பி வீசிய அன்று மத்தியானம், ஆறு மாதம் கழித்துக் கிடைத்த வீரமுத்துவின் பெரிய ஸ்கேன் முடிவுக்கு ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மருமகளின் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள்.

"தாலியக் கழட்டி வெச்சிட்டு இன்னிக்கே செலண்டாருக்கு ஒங்காத்தா வீட்டுக்கு ஓடிருடி! இல்ல, நானே கொன்னுருவேன்!"

"விடும்மா! அண்ணி இல்லம்மா... நான்தான் தள்ளுனேன்!" தேவன் அலறினான்.

முனியம்மாவின் செருப்பு அவன் கன்னத்தில் விழுந்தது. மறுபடி விழுந்தது. அவன் உதட்டில் ரத்தம்.

"நிறுத்துங்க!" ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கோமளா அறையிலிருந்து வெளியே ஓடி வந்தார். "யாரும் தள்ளி வந்ததில்லம்மா இது. குழாயோட உள்ளடுக்கு கிழிஞ்சு, ரத்தம் நடுவுல பாய்ஞ்சு ரெண்டாவது பாதையே போட்டுருக்கு. கிழிசல் தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சு கெடக்கு. இது வருசக்கணக்கான கிழிசல். கட்டுப்படாத பிரஷர் செஞ்ச வேல. முன்ன எப்பவாச்சும் முதுகு பிளக்குற மாதிரி வலி வந்துச்சா?"

முனியம்மாவின் கையிலிருந்து செருப்பு நழுவியது.

"நாலு வருசம் முந்தி... துடிச்சானே! காத்து புடிச்சிருக்குன்னு தைலம் தேய்ச்சு, மறுநாளே தோட்டத்துக்குச் செம்பனக் குல வெட்ட அனுப்புனேனே... நான்தான்டி கொலைகாரி!"

தலையில் அடித்துக்கொண்டு மருமகளின் காலில் விழப்போனவளைப் பவானி தாங்கிப் பிடித்தாள்.

"அப்ப யாருக்கு அத்தை தெரியும்? ஆபரேஷன் பண்ணலாம்லா, டாக்டர்?"

"பண்ணலாம். ரிஸ்க்தான். ஆனா காப்பாத்தப் பாக்கலாம்."

தேவன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டான். "அப்பாடா! அப்ப நான் காரணம் இல்ல, அண்ணி!"

பளாரென்று விழுந்தது அறை. பதினாறு வருடத்தில் பவானி அவனை அடித்தது அன்றுதான்.

"தள்ளுனதுக்கு இல்லடா... ஆறு மாசமா நான் அடி வாங்குறத உக்காந்து பாத்தியே, அதுக்கு!"

சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள்.