மூன்று முறை திருகிய சாவி

அந்தச் சர்வேயருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்ட வண்டியைப் பார்க்கப் போனால் கதவைத் திறப்பான், பானட்டைத் தூக்குவான், டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுப்பான், நசுங்கிய இடத்தை விரல் நுனியால் தடவியே, அடி புதியதா பழையதா என்று சொல்லிவிடுவான். சாவியை மட்டும் தொட மாட்டான். "நீங்களே போட்டுக் காட்டுங்க" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது அவன் தொழில். அந்தத் தொழிலில் சாவியைத் தொட்டவன் தலையில்தான் பழி விழும் என்பதை முதல் வருடமே கற்றுக்கொண்டவன். பதினாறு ஆண்டுகளில் அடுத்தவர் வண்டிச் சாவி ஒன்றுகூட அவன் கையில் சூடானதில்லை. பட்டறைகளில் அவனுக்குக் 'கைகட்டி சர்வேயர்' என்றே பெயர்.

அந்த வழக்கம் வண்டிகளோடு நிற்கவில்லை. முப்பத்தொன்பது வயதாகியும் அவன் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. எவரும் தன்னிடம் கேட்கும்படி நடந்துகொண்டதும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு பேரிடமாவது "இதுக்குக் கிடைக்காதுங்க" என்று சொல்லிச் சொல்லி, மாலையில் அவனுக்குச் சொல்வதற்குச் சொல்லே மிச்சமிருக்காது. வீட்டில் அக்கா மட்டும் விட மாட்டாள்.

"வருஷம் பூரா கிளைம் கேக்காத வண்டிக்கு பிரீமியத்துல தள்ளுபடி தருவீங்கல்ல? உன் வாழ்க்கையும் அப்படித்தான்டா. கிளைமே இல்ல. தள்ளுபடி மட்டும் ஏறிட்டே போகுது!"

அவன் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்துவிட்டுச் சாப்பாட்டில் குனிந்துகொள்வான். அவ்வளவுதான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்பும் வழியில், ரயில் பாலத்துக்கு அடியிலிருந்த பள்ளத்தில் ஒரு சின்னக் கார் பாதிச் சக்கரம் மூழ்க நின்றிருந்தது. ஹாரன் சத்தம்கூடச் சோர்ந்துபோய்தான் வந்தது. மற்ற வண்டிகள் தண்ணீரை வாரி அதன் மேல் இறைத்துவிட்டு விலகிப் போயின. அவனும் விலகியிருப்பான்... கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்திருக்காவிட்டால்.

அவன் இறங்கினான். முழங்கால் வரை தண்ணீர்.

"நியூட்ரல்ல போட்டு ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க. நான் தள்றேன்."

"தனியாவா? உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்குச்சுன்னா நான்தான் வைத்தியம் பாக்கணும். பரவால்லையா?"

"டாக்டரா நீங்க?"

"பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாப் போய், பக்கவாதம் வந்தவங்களுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கறேன். எல்லாரும் நடை டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க?"

"வண்டி... பாக்கற வேலை."

"பாத்தாச்சுல்ல? இப்பத் தள்ளுங்க!"

தள்ளினான். மேட்டுக்கு வந்ததும் பாலத்தின் ஓரத்தில், மழை படாத இரண்டடி இடத்தில் இருவரும் ஒதுங்கினார்கள். பின்சீட்டில் நடைபழகும் அலுமினியச் சட்டம் ஒன்றும், பிடித்து அமுக்கும் ரப்பர்ப் பந்துகளும் கிடந்தன. அவள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். மழை அவள் கண்மையைக் கரைத்துக் கன்னம் வரை இழுத்திருந்தது. காலையிலிருந்து ஏழு வீடுகளின் பாரத்தைத் தோளில் தாங்கிய களைப்பு அந்தக் கண்களில்... அந்தக் களைப்புக்கு அடியில், ஈரத் திரியில் அணைய மறுக்கும் சுடர்போல ஒரு குறும்பு. இரண்டும் ஒரே கண்ணில் எப்படி இருக்க முடியும் என்று அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான்.

"இதுக்குப் பேரு ஆமை" என்று காரைத் தட்டினாள். "ஆமைக் கதை தெரியுமா? என் பேஷண்டுங்களுக்குச் சொல்றது. கதை கேட்டுட்டே நாலு அடி கூட நடப்பாங்க."

"முயலோட ஓடினதா?"

"அது இல்ல. இது வேற ஆமை. ஓட்டுல ஒரு கீறல் விழக்கூடாதுன்னு குளத்தை விட்டு வெளியவே வராதாம். நூறு வயசாச்சு. மத்த ஆமையெல்லாம் வந்து, 'உன் ஓடு என்னமா மின்னுது! எங்கெல்லாம் போயிட்டு வந்தே?'ன்னு கேட்டுச்சாம்."

"அது என்ன சொல்லுச்சு?"

"என்னத்தச் சொல்லும்... தலையை உள்ள இழுத்துக்கிச்சு."

அவன் சிரித்துவிட்டான். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாகக் கேட்டது.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன். குளிர்ல என் விரல் மடங்கவே மாட்டேங்குது" என்று சாவியை நீட்டினாள்.

பதினாறு ஆண்டு வழக்கம் அந்த நொடியில் எங்கே போனது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவள் உள்ளங்கைச் சூடு சாவியில் மீதமிருந்தது. ஒருமுறை திருகினான். முனகியது. இரண்டாம் முறை. அவள் குனிந்து, "வா ஆமை... வாம்மா..." என்று வண்டியைக் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் முறை திருகினான்.

'கடக்'.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் புகுந்திருக்கும்போது எஞ்சினை இயக்கினால், பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் அதன் தண்டு வளைந்துபோகும். ஊருக்கெல்லாம் அவன் எடுக்கிற பாடம் அது!

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல... காலையில பட்டறையில காட்டுங்க."

அவளை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டான். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அது சூடாக இருந்தது.

ஆறாம் நாள், ஒரு புதுக் கிளைம் கோப்போடு வழக்கமான பட்டறைக்குப் போனான். அங்கே பிரித்துப்போட்ட எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆமை. ஆமைக்குப் பக்கத்தில் அவள்.

"நீங்களா!" அவள் முகம் மலர்ந்தது. "வண்டி பாக்கற வேலைன்னா இதுவா? நல்ல வேளை... தெரிஞ்ச ஆளு வந்தீங்க."

பட்டறைக்காரர் வளைந்த தண்டைத் தூக்கிக் காட்டினார். "எவனோ தண்ணியோட தண்ணியா ஸ்டார்ட் பண்ணியிருக்கான் சார். படிச்சவங்களே இப்படிப் பண்ணா என்ன சார் பண்றது?"

சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பாலிசியை விளக்குவது மட்டும் அவனுக்குத் தூக்கத்தில்கூட வரும், அதைப் பிடித்துக்கொண்டான்.

"பாலிசி யார் எடுத்தது?"

"என் தம்பி. போன்ல நாலு கம்பெனி காட்டுச்சு. எது கம்மியோ அதை அமுக்கிட்டான்."

"கம்மியா இருக்கறதுக்குக் காரணம் இருக்குங்க. வண்டிக்கு வயசாச்சு, மதிப்பு கம்மி, அதனால பிரீமியமும் கம்மி. நாலு வருஷமா கிளைம் இல்ல; அதுக்கு ஒரு தள்ளுபடி. சின்னச் சேதம்னா நானே செலவு பண்ணிக்கறேன்னு உங்க தம்பி ஒத்துக்கிட்டிருக்காரு. அதுல கொஞ்சம் குறைஞ்சிருக்கு. எஞ்சின் பாதுகாப்புன்னு கூடுதலா ஒண்ணு சேத்துக்கலாம்... அதை அவர் சேக்கல."

"வெள்ளத்துக்குக் கிடையாதா அப்ப?"

"வெள்ளத்துக்கு உண்டு. சீட்டு, ஒயரிங், கழுவறது எல்லாம் வரும். ஆனா தண்ணி புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடைஞ்சா, அது வெள்ளம் பண்ணினது இல்ல... ஆள் பண்ணினதுன்னு எடுத்துப்பாங்க."

"ஆள் பண்ணினது" என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள்.

படிவத்தில் அந்தக் கேள்வி காத்திருந்தது: தண்ணீரில் நின்ற பிறகு எஞ்சினை இயக்கியவர் யார்? அவன் பேனா அந்தக் கோட்டின் மேல் நின்றது. 'நான்' என்று எழுத இரண்டே எழுத்துகள். ஆனால் சேதத்தை மதிப்பிடுகிறவனே சேதத்தை உண்டாக்கியவன் என்று தெரிந்தால்... பதினாறு ஆண்டுக் கறைபடாத பெயர்...

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. உதவ வந்தவன் மாட்டிக்கொண்டு தவிப்பதாக நினைத்தாள் போலும். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான்தான். எழுதிக்குங்க."

அவன் எழுதினான். 'உரிமையாளர். கவனக்குறைவு.'

எழுதி நிமிர்ந்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கேறிய அட்டை ஒன்று தொங்கியது: 'தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் உடையும். காப்பீடும் கிடைக்காது.'

"நம்ம சாரே எழுதிக் குடுத்தது" என்றார் பட்டறைக்காரர் பெருமையாக. "மூணு வருஷமா தொங்குது."

அவள் திரும்பினாள். அந்தக் கண்களில் களைப்பு இருந்தது. குறும்பு இல்லை. தெரியாமல் செய்தவனைக் காப்பாற்றியதாக அதுவரை நினைத்திருந்தவள், அப்போது கணக்குத் தெளிந்தவள்போல நின்றாள்.

"நல்ல கையெழுத்து" என்றாள். அலுமினியச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தகவல் வந்தது. 'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் முழுக் கிளைமையும் நிறுத்தி வைத்திருந்தது. கிடைக்க வேண்டிய சீட்டும் ஒயரிங்கும்கூட இல்லை. பட்டறைக்காரர் போனில் சொன்னார்: "அந்தம்மா வண்டியை அப்படியே விட்டுட்டுப் போயிடுச்சு சார். பஸ்ல போகுது. ஏழு வீடு போன இடத்துல இப்ப மூணு வீடுதானாம். யாரோ தையல்காரர், ரெண்டு அடி எடுத்து வெச்சவரு, பழையபடி படுத்துட்டாராம்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் கை அசையவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். வாழ்நாளில் முதல் முறையாக அக்காவுக்குக் கேலி வரவில்லை.

"உனக்கு அவளைப் பிடிச்சிருக்கு" என்றாள் கடைசியில்.

"அதை விடுக்கா. அவ தலைல பழியைப் போட்டுட்டேன்."

"அதான்டா சொல்றேன். பிடிக்கலன்னா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்பே."

காலையில் அவன் நிறுவனத்துக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பட்டறைக்காரரிடம் கேட்டுவைத்திருந்த அவளுடைய பேருந்து நிறுத்தத்துக்கு நேரே வந்தான். தூறல். அவள் சட்டத்தை மார்போடு அணைத்து நின்றாள். அவனைக் கண்டதும் முகத்தைப் பேருந்து வரும் திசைக்குத் திருப்பிக்கொண்டாள். அவன் கடிதத்தின் நகலை நீட்டினான்.

'எஞ்சினை இயக்கியவன் நான். உரிமையாளர் அல்லர். விளைவு தெரிந்தவன்; தெரிந்தும் மறைத்தேன். என் அறிக்கை பொய். உரிமையாளர் மேல் எந்தத் தவறும் இல்லை. வேறு ஒருவரை அனுப்பி மறுபடி மதிப்பிடக் கோருகிறேன்.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"வேலை?"

"இந்தக் கம்பெனி இனிமே கூப்பிடாது. லைசென்ஸ் விசாரணை முடிஞ்சாத்தான் தெரியும்."

"என் வண்டி?"

"வெள்ளத்துச் சேதம் வந்துடும். எஞ்சின் பாலிசில வராது... நான் திருகினாலும் வராது, நீங்க திருகினாலும் வராது. அதை நான்தான் போட்டுத் தரணும். பட்டறையில சொல்லிட்டேன். நாலு வாரம் ஆகும்."

"அன்னிக்கு 'நான்தான்'னு நான் சொன்னப்ப, 'இல்லம்மா, நான்'னு ஒரு வார்த்த வரும்னு காத்துட்டு இருந்தேன். தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் தூக்கம் வரல."

"விஷயம் தெரிஞ்சவர்தானே? ஏன் திருகினீங்க?"

மழை அவன் மூக்குக்கண்ணாடியில் முத்து முத்தாய் இறங்கியது. துடைக்கவில்லை.

"நீங்க அந்த வண்டியக் கெஞ்சிட்டு இருந்தீங்க... நான் உங்களையே பாத்துட்டு இருந்தேன். எனக்கு விதி மறந்துபோனது அன்னிக்குத்தான் முதல் தடவ." மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. ஆனா இதையும் மறைச்சா அது ரெண்டாவது பொய்யாயிடும்."

பேருந்து வந்தது. நின்றது. அவள் ஏறவில்லை. அது போனது.

"ஓட்டுல கீறல் விழுந்துடுச்சு போல" என்றாள், அவனைப் பார்க்காமலேயே.

"விழுந்துடுச்சு."

"வலிக்குதா?"

"நல்லா வலிக்குது."

"வலிக்கட்டும். என் பேஷண்டுங்களுக்கும் இதையேதான் சொல்வேன். வலிச்சா உயிர் இருக்குன்னு அர்த்தம்." சட்டத்தை அவன் தோளில் மாட்டினாள். "உங்க வண்டி எங்க? இப்பப் போற தையல்காரர் வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாலு வாரமும் நீங்கதான் தூக்கணும். மன்னிச்சேன்னு நினைச்சுக்காதீங்க... பாக்கலாம்."

தையல்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் அவரை மெல்ல எழுப்பி உட்காரவைத்து, சட்டத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினாள். கால்கள் நடுங்கின. சர்வேயர் வழக்கம்போல நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்களில் அந்தப் பழைய சுடர் இலேசாக ஆடியது.

"அங்க என்ன இன்ஸ்பெக்ஷனா நடக்குது? கையை நீட்டுங்க சார். அவர் எதைப் பிடிக்க வருவார்?"

அவன் கட்டிய கைகளைப் பிரித்தான். முன்னால் நீட்டினான்.

"ஒரு ஆமை இருந்துச்சாம் தாத்தா..." என்று அவள் தொடங்கினாள்.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாவதில் கிழவர் தடுமாறினார். ஊசி பிடித்துத் தேய்ந்த விரல்கள் வந்து அவன் கைகளைப் பற்றிக்கொண்டன. அவன் விடவில்லை. கிழவரின் முழங்கையைத் தாங்கியபடி வந்து நின்ற அவளுடைய கையும் அவன் கை மேல் பட்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் தையல்காரர்.

"வருவார்" என்றாள் நடை டீச்சர்.