பெட்டைக்கான சூடு

"நுஹாவ நான் பாக்கணும், டீச்சர்."

கேட்டே விட்டாள் றேணுகா. எதை வேண்டுமானாலும் கேள், அந்த வீட்டு மகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதே என்று, இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்த மீன்கடை மோகனராஜ் சொல்லி அனுப்பியிருந்தான். ஏன் என்றதற்கு, பெரிய வீட்டு விசயம், நமக்கெதுக்கு என்றான். அந்த 'நமக்கெதுக்கு'வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கலஹாத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் அதை முழுங்கித்தான் வளர்ந்தார்கள். அவள் துப்பிவிட்டுப் பேராதனைக்குப் போய் விலங்கியலில் பட்டம் எடுத்தாள். அந்த லயத்தில் முதல் பட்டம்.

கைரியா டீச்சர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நுஹா இஞ்சதானே இரிக்கா மகள். முட்ட பொரிக்கட்டும், பாக்கலாம்."

காலையில் நடந்ததுதான் அவளைக் கேட்க வைத்தது. டீச்சர் வழக்கம்போல் குசினி அடுப்படியிலிருந்து, மகள், எழும்பியாச்சா என்று குரல் கொடுத்தார். றேணுகா வாயைத் திறப்பதற்குள், கூடத்துக்கு அந்தப் பக்கம், நுஹாவின் பல்லிகள் இருக்கும் அறையிலிருந்து பதில் போனது. ஆச்சு.

அந்த வீட்டில் டீச்சரும் அவளும் இரண்டு பேர்தான்.

இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வயதில் சின்ன பெண் யாராக இருந்தாலும் மகள்தான். வந்த அன்றே டீச்சர் அப்படிக் கூப்பிட, றேணுகா தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் இளகியும் போனாள். மகள், தின்டாச்சா? மகள், குளிருதா? ஆச்சு டீச்சர், இல்ல டீச்சர், இந்தா வாரேன் டீச்சர் என்று பதில் சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடின. இப்போது நினைத்துப் பார்த்தால், கூப்பிடும்போது டீச்சர் ஒரு நாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பல்லி அறையின் கதவைத்தான் பார்த்தார்.

பல்லிகள் நுஹா வளர்த்தவை. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, கொழுத்த வால், சுவர்ப் பல்லி மாதிரி கத்தாத சாது இனம். நுஹா வெளிநாட்டில் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சுகமில்லாமல் இருக்கிறாள் என்றது தெருமுனைக் கடை. டீச்சர் ஒன்றும் சொன்னதில்லை. பல்லிகளைப் பெருக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. தேங்காய்த் தும்புத்தூளை நனைத்து, பிழிந்தால் சொட்டாமல் கையில் ஈரம் மட்டும் ஒட்டும் பதத்தில் எடுத்து, டப்பாவில் நிரப்பி முட்டையிட இடம் செய்வாள். இட்ட முட்டையை உருட்டினால் உள்ளே இருக்கும் உயிர் செத்துப் போகும் என்பதால், எடுக்கும் முன்பே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அப்படியே சூடேற்றிய, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்கு மாற்றுவாள். சூட்டைக் கூட்டினால் ஆண், குறைத்து வைத்தால் பெட்டை என்று ஒருநாள் விளக்கியபோது டீச்சர் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப குறைச்சே வைங்க. பொம்புளப் புள்ளதான் வேணும்."

அதற்குப் பிறகுதான், இன்னும் பெரிசா செய்ங்க மகள் என்பது தொடங்கியது. டப்பா போய்ப் பெரிய பேசின் வந்தது. பேசின் போதாதென்று நுஹாவின் கட்டிலில் மெத்தையை எடுத்துவிட்டு, சுற்றிப் பலகை அடித்து, பொலித்தீன் விரித்து, மூட்டை மூட்டையாகத் தும்புத்தூள் கொட்டச் சொன்னார். ஒரு சாண் பல்லிக்கு இது எதுக்கு என்று றேணுகா சண்டை பிடித்தாள். பிறகு கொட்டினாள். வேலை இல்லாத பட்டதாரியாகக் கலஹாவுக்குத் திரும்பி, படிச்சு என்னத்தக் கண்ட என்று கேட்கும் வாய்களுக்கு நடுவே உட்காருவதைவிட, பைத்தியக்கார வீட்டில் தும்புத்தூள் நனைப்பது மேல் என்று நினைத்தாள்.

நுஹாவைக் கேட்ட அன்று பகல் முழுக்க மழை. டீச்சர் வீடு இருக்கும் மஹய்யாவ மேட்டில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று நனைந்தன. கரண்ட் போய், பல்லி அறையின் விசிறி நின்று, வீடு முழுக்க ஈரத் தும்பின் வாடை நிறைந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். பிறந்த பிள்ளையின் தலை வாசம். பள்ளிவாசலில் அந்தி மஃரிப் வாங்கு சொல்லி ஓய்ந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"மகள், பசிக்குதா?"

றேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். யார் பேசுகிறார்கள் என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பசிக்குது, டீச்சர்."

றேணுகாவின் சொந்தக் குரல்.

கரகரப்பும் அதுவே. 'டீச்சர்' என்பதை இழுக்கும் கலஹா இழுப்பும் அதுவே. தொடக்கத்தில் அந்த அறையிலிருந்து ஒரு சீறல்தான் வந்துகொண்டிருந்தது. பல்லி என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு முனகல். காலையில் ஒரு சொல். இப்போது இது. அவள் சொன்ன ஒவ்வொரு பதிலையும் ஏதோ ஒன்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. அவள் வேலை செய்யவில்லை. பேசக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருந்தால் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கதவைத் தள்ளினாள்.

கண்ணாடிப் பெட்டிகளில் பல்லிகள் எல்லாம் ஒரே மூலையில், ஒன்றின்மேல் ஒன்றாக. வால்கள் மட்டும் நடுங்கின.

கட்டிலில் தும்புத்தூள் தோண்டப்பட்டிருந்தது. தோண்டிய இடத்தைப் பல்லி தட்டிச் சமன் செய்வதுபோல் விளிம்பெல்லாம் தட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது. தட்டிய தடங்களில் ஐந்து விரல். உள்ளங்கை. ரேகை.

குழிக்குள் தோல்போல் மெத்தென்று, தலையணை அளவில் ஒரு முட்டை ஓடு. மேலே பென்சில் புள்ளி. அவள் வைத்ததல்ல. பக்கவாட்டில் நீள நீளமாகக் கீறல்கள். குஞ்சு உள்ளிருந்து கீறும் கீறல். தொட்டாள். சூடு. உள்பக்கம் ஈரமாய் ஒட்டிக் கிடந்தது ஒரு முழ நீளக் கறுத்த மயிர்.

ஓட்டுக்குள் ஒன்றுமில்லை. குசினிப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது.

போய்விட வேண்டும். லயத்துக்குத்தான். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும். அங்கேயே, அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தாள்.

வாசலுக்குப் போகக் குசினியைத் தாண்ட வேண்டும்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் கதிரையில் அது உட்கார்ந்திருந்தது. நுஹாவின் சல்வார். முதுகில் ஒட்டிய ஈர மயிரில் தும்புத்தூள். டீச்சர் சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினார். நாக்கு வந்தது. தட்டையாய், நீளமாய். சோற்றை எடுத்தது. பிறகு மெதுவாக மேலே ஏறி, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"டீச்சர் இல்ல," என்றார் டீச்சர், கொஞ்சலாக. "உம்மாண்டு சொல்லுங்க."

"உம்மா." றேணுகாவின் குரலில்.

அவள் கால் பட்டுப் பலகை கிரீச்சிட்டது. கதிரையில் இருந்தது திரும்பவில்லை.

"யாரு அங்க, உம்மா?"

டீச்சர் நிமிர்ந்தார். றேணுகாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யாருமில்ல மகள். நீங்க தின்னுங்க."

றேணுகா இன்னொரு சொல்லையும் அதற்குக் கொடுப்பதாக இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்து, மழைக்குள் இறங்கினாள்.