பதிலுக்கு விட்ட இடைவெளி

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. செலீனா இரண்டு தரம் எனக்குச் சொன்னாள். இரண்டு தரமும் மடு அகதி முகாமில், ஒரே கொட்டிலில், இடையில் ஒரு மழைக்காலம். முதல் தரம் சொன்னபடி, அன்று அவள் மகள் ஊர் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். மற்றத் தரம் சொன்னபடி, பாயில் குந்தியிருந்து பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். எது சரி என்று நான் கேட்கவில்லை. சக்கரத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் இரண்டு தரமும் ஒன்றுதான்.

சக்கரம் மெதுவாகியும் குரல் இழுபடவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, விடத்தல்தீவு. பற்றரி ஊருக்குள் வரத் தடை. மின்சாரம் போய் மூன்று வருடம். பாட்டோ செய்தியோ கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின் ரயரோடு அழுத்தி வைத்து, வயரைக் கசற் போடுகிற றேடியோவில் கொழுவி, ஒருவர் இருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். கை களைத்தால் பாடுகிறவரும் களைத்துப்போவார். குரல் தடித்து, இழுபட்டு, எருமை முனகுவதுபோல் முனகி நின்றுவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

செலீனா அன்று சுற்றிக்கொண்டிருந்தது வலன்ரைன் அனுப்பிய கசற்றை. ஏழு மாதத்துக்கு முன் வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் போன புருசன். போனதிலிருந்து ஒரு வரி இல்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல், ஐந்து வயது அன்ரோனெற்றை வைத்துக்கொண்டு, வானத்தில் பொம்மர் இரையும்போதெல்லாம் பதுங்குகுழிக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தவளுக்கு, சனிக்கிழமை பின்னேரம் சிங்கராசா வந்து அதை நீட்டினார். வவுனியாவுக்குப் போய்வருகிற மனிசன், இந்த முறை கொழும்புவரை போயிருந்தார்.

"தங்கச்சி, உன்ர ஆள் சிங்கப்பூரில நிண்டு அனுப்பியிருக்கிறான். ஏஜென்சிக்காரன்ர ஆள் தந்தவன். சோதனைச் சாவடியில ஆமிக்காரன் கேட்டான், என்ன இதெண்டு. அந்தோனியார் பாட்டெண்டு சொன்னனான்."

"போட்டுக் கேட்டிருந்தால்?"

"கேட்டிருந்தால் இண்டைக்கு நீ எனக்கும் சேர்த்து அழுதிருப்பாய்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கசற்றின் ஒரு பக்கத்தில் சனி என்றும் மறுபக்கத்தில் ஞாயிறு என்றும் எழுதியிருந்தது. வலன்ரைனின் எழுத்துத்தான், றகரத்துக்கு அவன் போடுகிற நீண்ட வால்.

ஞாயிறு பூசை முடிந்து, ஊர் சோறு தின்று படுத்துவிட்ட நேரம் அது. கச்சான் காற்று கிடுகுவேலியை உராய்ந்துகொண்டிருந்தது. கடலோரத்தில் காயப்போட்ட கருவாட்டின் மணமும், பக்கத்து வளவில் பிடுங்குவாரில்லாமல் விழுந்து அழுகிய மாங்காயின் புளித்த மணமும் ஒன்றாகச் சேர்ந்து கூடத்துக்குள் நின்றன. பக்கத்து வளவு நூர்ஜஹானுடையது. மூன்று வருடத்துக்கு முன் ஊரில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் போகச் சொன்னபோது அவளும் போனாள். வீடு பூட்டியபடி கிடந்தது. பள்ளிவாசலும்.

"சுகமா இருக்கிறன், செலீனா" என்று குரல் தொடங்கியது. அவள் பெடலைச் சுற்றியபடியே அழுதாள். பிள்ளை பாயை இழுத்துக்கொண்டு றேடியோவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

திங்கட்கிழமை அடுத்த இடத்துக்கு ஏற்றுவார்களாம். அதுவரை இரண்டு நாள் ஊர் சுற்றிப்பார்க்கட்டுமாம், உல்லாசப் பயணிகள் மாதிரி. அறைக்குள் அடைந்து கிடந்தால்தான் பொலிஸ் சந்தேகப்படும் என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். அங்கே வாங்கிய சின்ன றெக்கோடரைக் கையில் பிடித்தபடி நடக்கிறானாம். நடக்கிற சத்தம் கேட்டது. பஸ்கள், மணிகள், சீனத்தி ஒருத்தி எதையோ கூவி விற்பது, எண்ணெயில் ஏதோ பொரிவது. நிலத்துக்குக் கீழே ஓடுகிற றெயின். நின்றபடியே ஏறிப்போகிற படிக்கட்டு; முதல் தரம் பயந்து, பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவியின் கையைப் பிடித்துவிட்டானாம். செலீனா அழுகையோடு சிரித்தாள்.

"ஒரே தெருவில எங்கட சேர்ச், சைவக் கோயில், சீனன்ர கோயில், பள்ளிவாசல் எல்லாம் கிடக்கு. ஒருத்தரும் ஒருத்தரையும் எழும்பிப் போகச் சொல்லேல்லை. கேள், பாங்கு சொல்லுறாங்கள்."

கேட்டாள். மூன்று வருடமாக அந்த ஊரில் கேட்காத சத்தம் அந்தக் கூடத்துக்குள் நீண்டு, நூர்ஜஹானின் வளவுப் பக்கம் போய் அடங்கியது.

கசற்றில் பேசி அனுப்புகிறவர்கள் ஒன்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது வழக்கம். கேட்கிற வீட்டுக்காரர் அந்த இடைவெளியில் பதில் சொல்லுவார்கள். யாருக்கும் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் சொல்லுவார்கள்.

"மகள் பக்கத்தில நிக்கிறாளா?"

இடைவெளி. "சொல்லு குஞ்சு, அப்பா கேக்கிறார்" என்றாள் செலீனா.

"ஓம் அப்பா. பல்லு விழுந்திட்டுது."

"எங்க, வெளிச்சத்துக்கு வா பாப்பம்" என்றது குரல்.

பிள்ளை வாயைத் திறந்து கதவு வெளிச்சத்துக்குத் திரும்பினாள். எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியதுதான். பிள்ளையை வெளிச்சத்துக்கு வரச் சொல்வதில் என்ன இருக்கிறது? அப்போதுதான் செலீனா கவனித்தாள். அவள் கை தளர்ந்து, சக்கரம் மெதுவாகி, டைனமோவின் இரைச்சல் ஈயின் சத்தமாகத் தேய்ந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே நடந்துகொண்டிருந்தது, தெளிவாக, அவளோடு ஒரே கூடத்தில் இருக்கிறவன்போல.

நல்ல கசற் போலிருக்கிறது, வெளிநாட்டுக் கசற், என்று நினைத்தாள். நினைப்பதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது. பக்கம் முடிந்தது. மாற்றிப் போட்டாள். ஞாயிறு.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு செருப்புச் சத்தம். பஸ் இல்லை, மணி இல்லை, கூவி விற்கிற சீனத்தி இல்லை. செருப்பு நனைந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் பிதுங்குகிற சத்தம்.

"இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்லை, செலீனா. கடையெல்லாம் திறந்து கிடக்கு. அடுப்பில சட்டி கொதிக்குது. ஆக்கள் இல்லை." நெடுநேரம் நடந்தான். "றெயின் வருது, கதவு திறக்குது, பூட்டுது, போகுது. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. ஆனால் வடிவான ஊர். விளக்கெல்லாம் எரியுது. குண்டு விழாது. பிள்ளைக்கு நல்ல இடம்."

றேடியோவிலிருந்து ஒரு மணம் வந்தது. கருவாடு இல்லை. தேங்கி நின்ற உப்புத் தண்ணீரும் டீசலும்.

"மகள், அப்பான்ர கையைப் பிடிச்சிருக்கிறியா?"

"இல்லை அப்பா. நீங்கள் தூரத்தில நிக்கிறியள்."

"இப்ப?"

பிள்ளை பாயில் இருந்தபடி வலது கையை உயர்த்தினாள். விரல்கள் எதையோ சுற்றி மூடின. "ஓம்" என்றாள். பிறகு, "குளிருது" என்றாள்.

செலீனா பெடலை விட்டாள்.

சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒன்று. அரை. நின்றது. றேடியோவின் சிவப்பு விளக்கு அணைந்தது. வேலியில் காற்றும் நின்றுபோயிருந்தது.

"கை நோகுதா, செலீனா?" என்றது குரல். "விடு. இனிச் சுத்தத் தேவையில்லை."

அவள் வயரைப் பிடுங்கினாள். கசற்றை எடுக்க மூடியைத் திறந்தாள். உள்ளே நாடா நின்றிருந்தது. அசையவில்லை.

"மகள், செருப்பைப் போடு."

"வலன்ரைன்." அவள் றேடியோவை இரண்டு கையாலும் பிடித்தாள். "இஞ்சேருங்கோ. பிள்ளையை விடுங்கோ. நான் வாறன். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

இடைவெளி விட்டான். அவள் பதில் சொல்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பிறகு, அவள் எதையுமே சொல்லாததுபோல, நடக்கத் தொடங்கினான்.

நனைந்த செருப்பு. அதோடு இன்னொன்று. சின்னச் செருப்பு.

திரும்பிப் பார்த்தாள். பாய். பாயின் நடுவில் பிள்ளை இருந்த பள்ளம். வாசலில் செருப்பில்லை. முற்றத்து மணலில் ஒரு அடிகூட இல்லை.

"அப்பா!" என்று பிள்ளையின் குரல் கத்தியது, றேடியோவுக்குள்ளிருந்து. சந்தோசமாக. "இந்தப் படிக்கட்டு தானா நடக்குது!"

ஊர் மூன்று நாள் தேடியது. கண்டல் காட்டுக்குள் இறங்கினார்கள். களப்பில் வலை வளைத்தார்கள். பூட்டிக்கிடந்த வீடுகளின் கிணறுகளுக்குள் பாதாளக்கரண்டி விட்டு இழுத்தார்கள். செலீனா எதற்கும் எழும்பவில்லை. றேடியோவுக்கு முன்னால் இருந்தாள்.

மடுவுக்கு இடம்பெயர்ந்தபோது அவள் கொண்டுவந்தது அந்த றேடியோவையும் கசற்றையும் மட்டும். ஞாயிறு பின்னேரங்களில் கொட்டில் வாசலின் படங்குத் துணியை இழுத்துவிட்டு உள்ளே இருப்பாள். சைக்கிளும் இல்லை, பற்றரியும் இல்லை. அவள் கதைக்கிறது மட்டும் எங்களுக்குக் கேட்கும். கொஞ்சம் கதைப்பாள், கொஞ்சம் நிறுத்துவாள். பாவம், மூளை தட்டிவிட்டது என்று சனம் சொன்னது.

மலேரியாக் காய்ச்சலில் அவள் எழும்பமுடியாமல் கிடந்த கடைசி ஞாயிறு, பக்கத்துக் கொட்டிலில் இருந்த என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, பக்கத்தில கொண்டுவந்து வையுங்கோ. இண்டைக்கு நான் கதைக்காட்டி அவள் தேடுவாள்." வைத்தேன். எந்த வயரும் இல்லை. அதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

றேடியோவிலிருந்து வந்தது ஐந்து வயதுப் பிள்ளையின் குரல் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். ஏழு வருடம் வளர்ந்த குரல். நடந்தபடி, ஒவ்வொரு தெருவையும் பேர் சொல்லி, எந்தக் கடையில் எந்த விளக்கு எரிகிறது, எந்தச் சட்டி இன்னும் கொதிக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஒரு செருப்புச் சத்தம்தான் கேட்டது. தகப்பனுடையது இல்லை.

"அப்பா போய் கனகாலம், அம்மா. நான் தனியத்தான். இண்டைக்கு ஏன் கதைக்கேல்லை?"

செலீனாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இடைவெளி. பிறகு அந்தக் குரல் கேட்டது: "அம்மா, பக்கத்தில ஆர்?"

நான் பதில் சொல்லவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செலீனா அடுத்த செவ்வாய் இறந்தாள், மடுவில் அடக்கம். சிங்கராசா வவுனியாப் பாதையில் ஒருநாள் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார், பிறகு வரவில்லை. வலன்ரைனையும் இன்னும் எட்டுப் பேரையும் சொன்னபடி திங்கள்வரை வைத்திராமல் அந்தச் சனிக்கிழமை இரவே படகில் ஏற்றியதாகவும், படகு அக்கரை சேரவில்லை என்றும் ஏஜென்சிக்காரனின் ஆள் பிறகு சொன்னான். நூர்ஜஹான் புத்தளத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. நான் இப்போது பேசாலையில், மகன் வீட்டில் இருக்கிறேன். றேடியோவையும் கசற்றையும் செலீனாவின் சவப்பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தோம். அன்ரோனெற் அங்கேதான் இருக்கிறாள்.